விவரம் சேகரிக்கப்பட்டு வருகிறது

சட்டமன்றத்தில் ஓர் உறுப்பினர் எழுத்து மூலம் கேள்வி கேட்கிறார். இலாகா மந்திரி எழுத்து மூலம் பதில் தருகிறார். பத்திரிகைகளில் இது பெரும்பாலும் வருவதில்லை. கூச்சலுக்கும் வெளிநடப்புக்கும் கிடைக்கும் இடம் இந்தப் பதில்களுக்குக் கிடைப்பதில்லை. ஆனால் சிற்றூர் தாலுகாவிலும் தேவிகுளம் மலையிலும் வாழும் தமிழ் மக்களுக்கு அந்தக் கூச்சலைவிட இந்தக் காகிதமே அதிகம் பயன்படக் கூடியது. அதைப் பயன்படுத்தத் தெரியாமல் இருக்கிறோம் என்பதே நமது குறை.

நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு மந்திரி சபையில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். துணைக் கேள்விகளும் வரும். குறியிடாத கேள்விக்கு எழுத்தில் பதில் வந்தால் போதும். முன்னதில் பேச்சுத் திறமை உள்ள மந்திரி தப்பிவிடலாம். பின்னதில் எழுதியது எழுதியதுதான். ஐந்து ஆண்டு கழித்தும் அதை எடுத்துக் காட்டி, ‘அன்று இப்படிச் சொன்னீர்களே’ என்று கேட்க முடியும்.

இதன் வலிமையைத் தமிழர்கள் அறியாதவர்கள் அல்ல. 1957-ல் ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷன் முந்த்ராவின் கம்பெனிப் பங்குகளை வாங்கிய விவகாரம் லோக்சபையில் எழுப்பப்பட்ட கேள்வியிலிருந்துதான் கிளம்பியது. கிடைத்த பதில் திருப்தி தராததால் அதே ஆண்டு டிசம்பரில் பெரோஸ் காந்தி அதை விவாதத்துக்குக் கொண்டு வந்தார். நீதிபதி சாக்ளா விசாரணை நடத்தினார். 1958 பிப்ரவரியில் நிதி மந்திரி டி.டி. கிருஷ்ணமாச்சாரி ராஜினாமா செய்தார்.

எல்லாக் கேள்விக்கும் இப்படிப் பலன் கிட்டிவிடாது. மந்திரிகளின் பதில்களைப் படித்துப் பழகியவர்களுக்கு மூன்று வாக்கியங்கள் மனப்பாடமாகி இருக்கும். ‘விஷயம் கவனத்துக்கு வரவில்லை’ என்பது ஒன்று. ‘பரிசீலனையில் உள்ளது’ என்பது மற்றொன்று. ‘விவரம் சேகரிக்கப்பட்டு வருகிறது’ என்பது மூன்றாவது. இம்மூன்றும் பொய் என்று யாரும் நிரூபிக்க முடியாது. இவற்றால் ஒரு குடம் தண்ணீரும் கிடைக்காது.

வேலை தேடி வெளி மாநிலம் சென்றவர்கள் 2020-ஐ மறந்திருக்க மாட்டார்கள். கொரோனா ஊரடங்கில் தொழிலாளர்கள் கால்நடையாகவே ஊர் திரும்பினார்கள். வழியில் மாண்டவர்கள் எத்தனை பேர், அவர்கள் குடும்பத்துக்கு நஷ்டஈடு உண்டா என்று அந்த ஆண்டு செப்டம்பரில் லோக்சபையில் கேட்கப்பட்டது. அப்படிப்பட்ட புள்ளிவிவரம் வைக்கப்படவில்லை. ஆகவே நஷ்டஈடு என்ற பேச்சுக்கே இடமில்லை என்று தொழிலாளர் இலாகா எழுத்து மூலம் பதில் தந்தது. ஊர் திரும்பியவர்கள் ஒரு கோடியே 4 லட்சம் பேருக்கு மேல் என்ற கணக்கு மட்டும் அதனிடம் இருந்தது. திரும்பியவனை எண்ணியவர்கள் செத்தவனை எண்ணவில்லை.

ஆனால் அதே வாரத்தில் ராஜ்யசபையில் டெரிக் ஓ பிரையன் ரயில்வே இலாகாவிடம் ‘ஷ்ரமிக்’ ஸ்பெஷல் ரயில்களில் பயணம் செய்தவர்களைப் பற்றி மட்டும் கேட்டார். செப்டம்பர் 9 வரை அந்த ரயில்களில் 97 பேர் இறந்ததாக ரயில்வே மந்திரி பியூஷ் கோயல் எழுத்தில் ஒப்புக் கொண்டார். அகலமாக வீசிய வலையில் மீன் சிக்கவில்லை. குறிப்பான கேள்விக்கு எண்ணிக்கை வந்தது. கணக்கு வைத்திருப்பவரிடம், இடத்தையும் தேதியையும் சொல்லிக் கேட்டால், ‘தெரியாது’ என்று எழுதுவது அவ்வளவு சுலபமல்ல.

இப்போது பெருமாட்டிப் பஞ்சாயத்துக்கு வருவோம். பிளாச்சிமடையில் 2000-ல் கொக்கோ கோலா ஆலை வந்தது. கிணறுகள் கெட்டன. 2002 ஏப்ரல் 22-ம் தேதி, மயிலம்மா போன்ற ஆதிவாசிப் பெண்கள் முன்னின்று போராட்டம் தொடங்கியது. 2003 ஏப்ரலில் பஞ்சாயத்து லைசென்சைப் புதுப்பிக்க மறுத்தது. வழக்கு ஐகோர்ட் சென்றது. அங்கிருந்து சுப்ரீம் கோர்ட்டுக்கும் சென்றது. 2004 மார்ச்சில் நின்ற ஆலையை மீண்டும் திறக்கும் எண்ணம் இல்லை என்று 2017-ல் கம்பெனி சுப்ரீம் கோர்ட்டில் கூறிவிட்டது. இவ்வளவும் ஊரறிந்த செய்தி.

நஷ்டஈட்டுக் கதையோ வேறு. அரசாங்கம் நியமித்த உயர்நிலைக் குழு 2010-ல் சேதத்தைக் கணக்கிட்டு 216.26 கோடி ரூபாய் என்றது. அதில் விவசாய நஷ்டம் மட்டும் 84.16 கோடி, மக்களின் உடல்நலக் கேட்டுக்கு 30 கோடி. அதை வசூலித்துக் கொடுக்கத் தனித் தீர்ப்பாயம் அமைக்கும் மசோதாவைக் கேரள சட்டமன்றம் 2011 பிப்ரவரி 24-ம் தேதி நிறைவேற்றியது. மசோதா ஜனாதிபதியின் ஒப்புதலுக்காக டில்லி சென்றது. ஆண்டுக்கணக்கில் அங்கே கிடந்து, ஒப்புதல் இல்லாமலே திரும்பி வந்தது. அது சட்டமாகவில்லை.

இந்த ஆண்டுகளில் ‘பிளாச்சிமடை மக்களுக்கு நீதி கிடைக்குமா?’ என்று எத்தனையோ மேடைகளில் முழங்கப்பட்டது. அந்தக் கேள்விக்கு ‘அரசாங்கம் மக்களோடு நிற்கிறது’ என்று எந்த மந்திரியும் பதில் எழுதிவிடலாம். கேட்க வேண்டிய கேள்வி வேறு. மசோதா திரும்பி வந்த கடிதம் எந்தத் தேதியில் செயலகத்துக்குக் கிடைத்தது? அதன்மேல் சட்ட இலாகா எந்தத் தேதியில் என்ன கருத்து எழுதியது? புதிய மசோதா தயாரிக்கப்பட்டதா, இல்லையா? பஞ்சாயத்தின் எந்தெந்த வார்டுகளுக்கு லாரியில் குடிநீர் போகிறது. வாரம் எத்தனை முறை? இவற்றுக்கு ‘பரிசீலனையில் உள்ளது’ என்று எழுதினால் அந்தப் பதிலே மந்திரிக்கு எதிரான சாட்சியாகிவிடும்.

தண்ணீர்க் கணக்கும் இப்படித்தான். பரம்பிக்குளம்-ஆளியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. கேரளத்துக்குத் தர வேண்டும். சிற்றூர் வயல்கள் அதை நம்பியிருக்கின்றன. ‘தமிழ்நாடு ஏமாற்றுகிறது’ என்று இங்கும் ‘கேரளம் வீணாக்குகிறது’ என்று அங்கும் பேசுவதில் யாருக்கும் லாபமில்லை. மாதவாரியாக மணக்கடவில் அளந்தது எவ்வளவு, அதில் கடைமடைக்குப் போய்ச் சேர்ந்தது எவ்வளவு என்று கேட்டு வாங்கினால், தமிழ் விவசாயி இரு தரப்பையும் நிற்க வைத்துக் கேட்கலாம்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. மந்திரிகள் கேள்விக்குப் பதில் சொல்வார்கள். கேள்வி கேட்க மாட்டார்கள். பெருமாட்டி அடங்கிய சிற்றூர் தொகுதியின் உறுப்பினர் கே. கிருஷ்ணன்குட்டி 2018 நவம்பரில் நீர்வளத்துறை மந்திரியானார். 2021-லிருந்து மின்துறை மந்திரியாக இருந்தார். நம் தொகுதிக்காரர் மந்திரியானால் நமக்குப் பெருமைதான். சில காரியங்களும் நடக்கும். ஆனால் அந்த ஆண்டுகளில் சிற்றூரின் பெயரால் கேள்வித்தாளில் கையெழுத்திட அதன் உறுப்பினருக்கு வழியில்லை. அப்போது பக்கத்துத் தொகுதி உறுப்பினரை அணுக வேண்டும். எந்தத் தொகுதி உறுப்பினரும் எந்த ஊரைப் பற்றியும் கேட்கலாம். டில்லி சம்பந்தப்பட்ட விஷயமானால் ஆலத்தூர் எம்.பி. இருக்கிறார், சிற்றூர் அந்த லோக்சபைத் தொகுதியில்தான் அடங்கும்.

அடுத்தது மொழி. கேள்வியும் பதிலும் பெரும்பாலும் மலையாளத்தில்தான் இருக்கும். மாநிலத்தின் மொழி அது. அதில் குறை காண்பதற்கில்லை. ஆனால் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியிலேயே அரசாங்கத்துக்கு எழுதலாம், பதிலும் அந்த மொழியிலேயே தர வேண்டும் என்று 1969-ன் கேரள ஆட்சிமொழிச் சட்டம் வழி செய்தது. புதிதாக எந்தச் சட்டம் வந்தாலும் இந்த உரிமை குறையக் கூடாது. எந்தக் குறையையும் மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் மனுவாகக் கொடுக்கலாம் என்று அரசியல் சட்டத்தின் 350-வது ஷரத்தும் சொல்கிறது. ஏட்டில் உள்ளது நடப்பில் எப்படி என்பதற்கு ஓர் உதாரணம் போதும். 2021 மே மாதம் தேவிகுளம் உறுப்பினர் ஏ. ராஜா தமிழில் பதவிப் பிரமாணம் எடுத்தார். அவருக்குத் தரப்பட்ட தமிழ்ப் படிவத்திலேயே குறை இருந்ததால் ஜூன் 2-ம் தேதி மீண்டும் பிரமாணம் எடுக்க நேர்ந்தது. சபை உறுப்பினருக்கே இந்தக் கதி என்றால், வார்டு மக்களுக்குச் சரியான தமிழ்ப் பதில் எங்கிருந்து வரும்? தமிழ்ப் பகுதிகளைப் பற்றிய கேள்வி-பதில்களை மட்டுமாவது தமிழாக்கி அந்தந்தப் பஞ்சாயத்து ஆபீசில் ஒட்டுவது அரசாங்கத்துக்குப் பெரிய செலவாகாது.

குமாஸ்தா நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. கேள்வி செயலகத்திலிருந்து டைரக்டரேட்டுக்கும், அங்கிருந்து ஜில்லா ஆபீசுக்கும், கடைசியில் தாலுகா, கிராம ஆபீசுக்கும் இறங்கி வருகிறது. மந்திரியின் கையெழுத்துக்கு மேலே உள்ள எண்ணிக்கையை முதலில் எழுதுகிறவர் கீழே உள்ள குமாஸ்தாதான். ‘அவசரம், இன்றே’ என்று மேலிருந்து ஓலை வரும். பழைய பைலைத் தேட நேரமிருக்காது. அந்த நெருக்கடி நமக்குத் தெரியும். ஆனாலும் ‘இல்லை’ என்று எழுதுமுன் ஒருமுறை ரிஜிஸ்தரைப் புரட்டிப் பாருங்கள். அந்த ஒரு சொல் சட்டமன்ற ஆவணமாகிவிடும். பிறகு எந்த மனு வந்தாலும் அதைக் காட்டித் தள்ளிவிடுவார்கள்.

மலைத் தோட்டங்களிலும் இதே விழிப்பு வேண்டும். 2020 ஆகஸ்ட் 6-ம் தேதி இரவு பெட்டிமுடியில் மண் சரிந்து லயங்கள் புதைந்து 70 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். இன்று எந்த லயத்தை எந்த அதிகாரி எந்தத் தேதியில் பார்வையிட்டார் என்று எஸ்டேட் எஸ்டேட்டாகக் கேட்கும் கேள்வி ஆண்டுதோறும் சபைக்கு வர வேண்டும். அனுதாபத் தீர்மானத்தைவிட அதுவே உயிரைக் காக்கும்.

‘விவரம் சேகரிக்கப்பட்டு வருகிறது’ என்ற பதிலோடு விஷயம் முடிந்துவிடுவதில்லை. மந்திரிகள் தரும் உறுதிமொழிகளைக் கண்காணிக்கச் சட்டமன்றத்தில் தனிக் கமிட்டி இருக்கிறது. லோக்சபையில் இத்தகைய கமிட்டி 1953-லேயே வந்துவிட்டது. அங்கே உறுதிமொழியை மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும் என்பது நியதி. அடுத்த கூட்டத்தொடரில் அதே கேள்வியை, முந்தைய கேள்வியின் எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டுத் திரும்பக் கேட்கும்படி உறுப்பினரை நாம் வற்புறுத்த வேண்டும்.

உறுப்பினரின் வீட்டு வாசலில் மாலையோடு நிற்பவர்கள் பலர். கூட்டத்தொடர் தொடங்கும் முன் வார்டு எண், சர்வே எண், மனு கொடுத்த தேதி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொண்டு போகிறவர்கள் சிலரே. நமது சங்கங்களும் வாசகசாலைகளும் அந்தத் தாளைத் தயாரிக்கும் வேலையை ஏற்க வேண்டும். பதில் வந்ததும் அதைத் தமிழில் படித்துக் காட்டி, நகலைப் பத்திரமாக வைக்க வேண்டும். விவரத்தை அரசாங்கம் சேகரிக்கட்டும். அதற்கு முன் நாமும் சேகரித்து வைத்திருப்போம்.