மருந்துக்கு மொழி இல்லை, பேச்சுக்கு உண்டு

கொக்கெய்ன் பிடிபட்டதாகச் செய்தி வந்தால், "அது பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் நோய், நமக்கென்ன?" என்று பத்திரிகையை மடித்து வைத்துவிடுகிறோம். பிரவுன் சுகரைப் பற்றி அப்படிச் சொல்ல முடியுமா? 1980-களில் மும்பைத் தெருக்களில் இறங்கிய அந்த மலிவு ஹெராயின் தாராவித் தமிழர் வீடுகளையும் விட்டுவைக்கவில்லை.

இரண்டும் போதைதான். ஆனால் வைத்தியம் ஒன்றல்ல.

ஹெராயினை நிறுத்தினால் உடம்பு முறியும். நடுக்கம், வலி, வயிற்றுப்போக்கு. இதற்கு மருந்து உண்டு. நாக்கின் அடியில் கரையும் புப்ரினார்பின் மாத்திரை அந்த வேதனையை அடக்கும், ஏக்கத்தையும் குறைக்கும். கொக்கெய்னின் பிடியோ வேறு வகை. அதை விடுவிக்கும் மருந்தென்று ஒன்றைக்கூட அமெரிக்க அரசின் மருந்துத் துறை இன்றுவரை அங்கீகரிக்கவில்லை. உடன் வரும் மனச்சோர்வுக்கும் தூக்கமின்மைக்கும் மாத்திரை தரலாம். மற்றபடி, ஏக்கம் எப்போது எழுகிறது, யாரோடு சேர்ந்தால் எழுகிறது என்று நோயாளியோடு உட்கார்ந்து பேசும் சிகிச்சையும், சிறுநீர்ச் சோதனையில் தேறினால் சிறு பரிசு தந்து ஊக்கும் முறையுமே கைகொடுக்கின்றன.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியது என்ன? மருந்து உடம்பைத் தாங்கும். பேச்சு மனிதனைத் தாங்கும். ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுப்பது வைத்தியமல்ல.

எங்கள் சாலில் ஒரு திருநெல்வேலி இளைஞர். பிரவுன் சுகர் பிடித்து, தாய் அழுததன் பேரில் ஒரு சிகிச்சை மையத்துக்குப் போனார். மாத்திரை வேலை செய்தது. ஆலோசகர் இந்தியில் கேட்ட கேள்விக்கெல்லாம் "மாலூம் நஹி" என்றே பதில் சொன்னார். இரண்டு வாரத்தில் திரும்பி வந்துவிட்டார். பிறகு டீக்கடையில் என்னிடம் ஒரு மணி நேரம் பேசினார்: அப்பாவின் சாவு, ஊர்க் கடன், தங்கையின் கல்யாணம். "இதையெல்லாம் இந்தியில் எப்படி அண்ணாச்சி சொல்லுவேன்?" என்றார்.

காய்கறி பேரம் பேச இந்தி போதும். நெஞ்சைத் திறக்கப் போதுமா?

மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்திய ஆய்வு 2019-இல் வெளியானது. நாட்டில் அபின் வகைப் போதைப் பொருள்களைப் பயன்படுத்துவோர் சுமார் 2.26 கோடி, கொக்கெய்ன் பயன்படுத்துவோர் சுமார் 10.7 லட்சம் என்றது. சட்டவிரோதப் போதைக்கு அடிமையானோரில் 20 பேருக்கு ஒருவரே மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர். அந்த ஒருவரில் எத்தனை பேர் தம் தாய்மொழியில் பேச முடிந்தது?

இடைவெளி இருக்கும் இடத்தில் போலிகள் நுழைகிறார்கள். அடித்துத் திருத்துவோம், கட்டிப் போட்டுத் திருத்துவோம் என்கிறார்கள். 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. மது, போதையால் வரும் மனநோயும் அச்சட்டத்தின் கீழ் வரும். 1985-ஆம் ஆண்டு போதைப் பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவின்படி, தானே முன்வந்து சிகிச்சை பெறும் அடிமைக்குச் சிறு அளவு வழக்குகளிலிருந்து விலக்குக் கிடைக்கவும் வழி உண்டு. இவற்றை நம் பெற்றோர் எத்தனை பேர் அறிவார்கள்?

எனவே நம் கோரிக்கைகள் மூன்று. தமிழர் நிறைந்த பகுதிகளின் அரசு மருத்துவமனைகளில் போதை சிகிச்சைக்குத் தமிழ் பேசும் ஆலோசகர் வேண்டும். மாத்திரையும் ஆலோசனையும் ஒரே கூரையின் கீழ் கிடைக்க வேண்டும். ஆலோசகர் இல்லை என்று சொல்லி மாத்திரையை நிறுத்தக் கூடாது. ஹெராயினை விட்டவன் மீண்டும் பழைய அளவை எடுத்தால் உயிரே போகும்.

அரசு செய்யும்வரை நாம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. சங்கத்தில் படித்த இளைஞர்கள் இருக்கிறார்கள். நோயாளியோடு மருத்துவமனைக்குப் போய் மொழிபெயர்க்க வாரம் ஒரு மாலை ஒதுக்க முடியாதா? அங்கே கேட்டதை வெளியில் சொல்லாத ஒழுக்கம் ஒன்று போதும். 14446 என்ற இலவசத் தொலைபேசி எண்ணைப் படிப்பகச் சுவரில் எழுதி வைப்போம்.

பிள்ளையைக் "குடிகெடுத்தவன்" என்று ஏசி விரட்டும் வீட்டுக்கும் ஒரு வார்த்தை: அவன் பேசத் தயாராகும் நாளில், கேட்க ஒருவர் இருக்கட்டும்.