பேனாவை யார் கையில் கொடுத்தோம்?

போன வாரம் சென்னையிலிருந்து நண்பர் ஒருத்தர் போன் பண்ணினார். "உங்க உழவர் கம்பெனி ஏன் இப்படித் தள்ளாடுது? வெளியிலேர்ந்து நல்ல ஆளா ஒருத்தரை வெச்சு பிளான் போடலாமே" என்றார். வெச்சோம் சார். அதனால வந்த வினையைத்தான் இன்னிக்கு எழுதறேன்.

நகரத்தில் இருப்பவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். விவசாயிகள் பத்து பேர் சேர்ந்தாலே உற்பத்தியாளர் கம்பெனி தொடங்கலாம் என்று 2002-ல் கம்பெனிச் சட்டத்தைத் திருத்தினார்கள். 2020-ல் மத்திய அரசு பத்தாயிரம் உழவர் உற்பத்தியாளர் அமைப்புகளை உருவாக்கத் திட்டம் போட்டது. அதில் சமவெளிப் பகுதி என்றால் குறைந்தது 300 உறுப்பினர் வேண்டும். கம்பெனியின் நிர்வாகச் செலவுக்கு மூன்று வருஷத்துக்கு 18 லட்சம் வரை கிடைக்கும். அதைக் கைபிடித்து வளர்த்துவிடும் வெளி அமைப்புக்கு ஐந்து வருஷத்துக்கு 25 லட்சம் வரை. இவ்வளவு வாங்குகிறவர் எங்களுக்கு என்ன செய்யணும் என்று கேட்க எங்களுக்கு உரிமை உண்டுதானே?

எங்கள் கூட்டம் கல்யாண மண்டபத்தில் நடந்தது. காலை பத்து மணிக்கு. மல்லாட்டை பிடுங்கற நேரத்தில் எந்தப் பொம்பளை பத்து மணிக்கு வருவாள்? வந்தது தலைவர், இயக்குநர்கள், என்னை மாதிரி வெள்ளைச் சட்டைகள்தான். சுவரில் சார்ட் ஒட்டினார்கள். பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் என்று நாலு கட்டம். ஆளுக்கு ஒரு மஞ்சள் சீட்டு கொடுத்து எழுதி ஒட்டச் சொன்னார்கள்.

தப்பித் தவறி வந்திருந்த ஒரு பெரியம்மா சீட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதுக்கு எழுதத் தெரியாது. கடைசியில் எழுந்து, "தம்பி, ஐப்பசி மழையில ஈர மல்லாட்டைய எங்க கொண்டுபோய் காயவைக்கறது?" என்றது. "நல்ல பாயின்ட்மா, அப்புறம் வரலாம்" என்றார் அந்தத் தம்பி. அந்த அப்புறம் வரவே இல்லை.

ஒரு மாசத்தில் திட்டம் வந்தது. நாற்பது பக்கம், முழுக்க இங்கிலீஷ். மரச்செக்கு, எங்கள் பெயரில் பாட்டில், சென்னைக்கு ஆன்லைன் விற்பனை. பொதுக்குழுவில் கைதட்டி நிறைவேற்றினோம். நானும்தான் தட்டினேன்.

இப்போது செக்கு வாரத்துக்கு ரெண்டு நாள் ஓடுகிறது. காரணம் ரொம்ப எளிது. செக்குக்குக் காய்ந்த பருப்பு வேணும். கடலையை ஈரப்பதம் எட்டு சதவீதத்துக்குக் கீழே வரும்வரை காயவைக்காமல் மூட்டை கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும், அதில் நச்சும் சேரும். எங்களுக்கு இருக்கிற களம் தார் ரோடு ஒன்றுதான். மழை வந்தால் அதுவும் இல்லை. அதனால் உறுப்பினர்கள் ஈரத்தோடேயே வியாபாரிக்குப் போட்டுவிடுகிறார்கள். அவரோ ஈரத்துக்கு என்று மூட்டைக்கு மூட்டை கழிக்கிறார். அந்தப் பெரியம்மா கேட்டதுதான் திட்டத்தின் முதல் பக்கமாக இருந்திருக்கணும்.

வெளியாளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்க ஊர் லட்சணம் எனக்குத் தெரியும். உள்ளூர்க்காரன் ஒரு யோசனை சொன்னால், அவன் எந்தத் தெரு, எந்தக் கட்சி, யாருக்குப் பங்காளி என்றுதான் முதலில் பார்ப்போம். தலைவர் பேச ஆரம்பித்தால் "போதும் உட்காருங்க அண்ணே" என்று சொல்ல எங்களில் ஒருத்தருக்கும் வாய் வராது. அதைச் சொல்லத்தான் வெளியாள் வேணும். வாய் திறக்காதவனைப் பேசவைக்கணும், அதிகம் பேசறவனை நிறுத்தணும், சண்டை வந்தால் நடுவில் நிற்கணும். அவர் வேலை அதோடு முடிந்தது. எதைச் செய்வது, எதை விடுவது என்பதை நாங்கள்தான் அடித்துக்கொண்டாவது முடிவு பண்ணணும். அந்தச் சண்டைக்குப் பயந்துதான் பேனாவை அவர் கையில் கொடுத்தோம். பழியை அவர்மேல் மட்டும் போட எனக்கு மனசாட்சி இடம் கொடுக்கவில்லை.

கிராமத்துக்குத் திட்டம் போட வருகிற படித்த பிள்ளைகள் சிலர் இதைப் படிக்கலாம். உங்களுக்கு நாலு வார்த்தை. கூட்டத்தை ராத்திரி ஏழு மணிக்கு வையுங்கள். முதலில் பெண்களைப் பேசவிடுங்கள். எழுதத் தெரியாதவர் சொன்னதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதி, எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்துக் காட்டுங்கள். முடிவைத் தமிழில் ரெண்டு பக்கத்துக்குள் எங்களையே எழுதவிடுங்கள். பிழை இருந்தால் இருக்கட்டும்.

அடுத்த பொதுக்குழுவில் சிமென்ட் களம், தார்ப்பாய் ரெண்டையும் தீர்மானமாக வைக்கப்போகிறேன். முன்மொழிய அந்தப் பெரியம்மாவைத்தான் கேட்டிருக்கிறேன். "ராத்திரின்னா வரேன்" என்று சொல்லியிருக்கிறது.