தவளைக்கு அழைப்பிதழா?

முத்தியால்பேட்டையில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். நல்ல மனிதர், கையில் கொஞ்சம் காசும் ஓய்வும் உண்டு. சென்ற ஐப்பசியில் என்னை வரவழைத்து, கொல்லையில் புதிதாகப் போட்டிருக்கும் 'இயற்கைத் தோட்ட'த்தைக் காட்டினார். சுவருக்குச் சுவர் வழவழவென்று சிமெண்டுத் தளம். மூலையில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி. அதில் அல்லிக்கொடி, கலர் மீன்கள். தொட்டிக்குக் காவலாக, வாயைப் பிளந்துகொண்டு ஒரு சுடுமண் தவளை.

"தவளை, தேரையெல்லாம் வந்து தங்கணும்னு ஆசை, சார். ஆறு மாசமா ஒண்ணுகூட எட்டிப் பார்க்கல. என்ன செய்யலாம்?" என்றார்.

"தளத்தை உடைக்கலாம்" என்றேன்.

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

தவளையை வரவேற்பது என்ற பேச்சே எனக்குப் பிடிக்கவில்லை. விருந்தாளியைத்தான் வரவேற்பார்கள். தவளையோ இந்த ஊரில் நமக்கு முந்திய குடித்தனக்காரர். புதுச்சேரியின் தமிழ்த் தெருக்களில் மிச்சமிருக்கும் பழைய வீடு ஒன்றுக்குள் போய்ப் பாருங்கள். திண்ணை, நடை, நடுவே வானம் பார்த்த முற்றம், பின்னால் கிணறும் வாழையும் உள்ள கொல்லை. மழை முற்றத்தில் விழும். ஜலதாரை வழியாக வெளியே ஓடும். அதே ஜலதாரை வழியாகத் தவளை உள்ளே வரும். யாரும் அழைப்பிதழ் அச்சடிக்கவில்லை. முற்றத்தை மூடினோம், கிணற்றைத் தூர்த்தோம், கொல்லைக்குச் சிமெண்டு பூசினோம். குடியிருந்தவரைக் காலி செய்ய வைத்துவிட்டு, இப்போது வாசலில் நின்று கூப்பிடுகிறோம்.

போதாக்குறைக்கு அவதூறு வேறு. தேங்காயில் பருப்பில்லாமல் போனால் 'தேரை மோந்துவிட்டது' என்பார்கள். குழந்தை இளைத்தால் 'தேரை தோஷம்'. தேரை என்பது எது என்பதிலேயே இவர்களுக்குள் ஒற்றுமை கிடையாது. ஒரு வீட்டில் அது குளியலறைச் சுவரில் ஒட்டிக்கொள்ளும் மெலிந்த மரத்தவளை. அடுத்த வீட்டில் தரையில் தத்தும் சொறித்தவளை. ஆளை அடையாளம் காட்டத் தெரியாமலே தண்டனை! தேங்காய் கெடுவது மகரந்தம் சரியாகச் சேராததால். அல்லது மண்ணில் சத்துக் குறைந்ததால். 1998-ல் கேரளத்தில் தலைகாட்டிப் பிறகு தமிழ்நாட்டுத் தோப்புகளிலும் பரவிய ஈரியோஃபைட் சிலந்தி, வெறுங்கண்ணுக்குப் புலப்படாத ஒரு ஜந்து. காய்களைச் சிறுக்கவைத்து வடுப்படுத்தியது அது. தேரைமேல் ஒரு வழக்கும் நிற்காது. சொறித்தவளையைத் தொட்டால் மரு வரும் என்பதும் பொய். மருவுக்குக் காரணம் வைரஸ். அதன் கண்ணுக்குப் பின்னால் விஷச் சுரப்பி இருப்பது மட்டும் மெய். நாய் கவ்வினால் நாய்க்கு அவஸ்தை. நாம் தொட்டால் கையைக் கழுவினால் தீர்ந்தது.

இதன்மேல் உப்பைத் தூவுகிறார்களே, அவர்களை நினைத்தால்தான் மனசு ஆறவில்லை. தவளை தோலாலும் மூச்சு விடுகிறது. தண்ணீரைத் தோலால்தான் குடிக்கிறது. உப்பு அந்த ஈரத்தை உறிஞ்சி எடுக்கும். பினாயிலும் பிளீச்சிங் பவுடரும் அதே தோல் வழியாகத்தான் உள்ளே இறங்கும். எறும்புக்குச் சர்க்கரை தூவும் கைகள்தாம் இந்த உப்பையும் தூவுகின்றன.

"தண்ணீர் வைத்தால் கொசு வருமே?" என்கிறார்கள். நியாயமான கேள்வி. யானைக்கால் நோயால் அவதிப்பட்ட ஊர் இது. கொசு முதலிய நோய் பரப்பும் பூச்சிகளை ஆராய 1975-ல் ஒரு மத்திய ஆராய்ச்சி நிலையமே இங்கே தொடங்கப்பட்டது. ஆகவே தவளை கொசுவை ஒழித்துவிடும் என்று நான் பிரசாரம் செய்யப் போவதில்லை. சொறித்தவளைக்கு எறும்பு, கறையான், வண்டுதான் முக்கிய ஆகாரம். தொட்டியை வாரம் ஒருமுறை பாருங்கள். தலைப்பிரட்டை இல்லாமல் கொசுப்புழு மட்டும் நெளிந்தால் மண்ணில் கவிழ்த்து, உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவி மறுபடி நிரப்புங்கள். இரண்டும் இருந்தால் புழுவை வடிகட்டியால் அள்ளுங்கள். மீனை மட்டும் விடாதீர்கள். 1928-ல் இந்தியாவுக்கு வந்த கம்பூசியா மீன் கொசுப்புழுவைத் தின்னும். தவளை முட்டையையும் தலைப்பிரட்டையையும் விட்டுவைக்காது.

பாம்பு வரும் என்பது அடுத்த ஆட்சேபணை. வரலாம்; மறைப்பானேன்? ஆனால் எலிக்காகவும் பாம்பு வருகிறது. அதற்காகக் குப்பைமேட்டை அகற்றியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. தொட்டியைச் சமையற்கட்டு வாசலிலிருந்து தள்ளி வையுங்கள். இரவில் டார்ச் விளக்கோடு போங்கள்.

பிரெஞ்சுக்காரர் தவளைக்கால் தின்பதைச் சொல்லிச் சிரிக்கிறோம். விற்றது யார்? 1980-களின் தொடக்கத்தில் இந்தியா ஆண்டுக்குச் சுமார் 4,000 டன் தவளைக்காலை ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் ஏற்றுமதி செய்தது. வயலிலும் குட்டையிலும் பிடித்த தவளைகள் அவை. 1987-ல்தான் தடை வந்தது. பூச்சியைத் தின்னும் பிராணியைக் கிலோக் கணக்கில் கப்பலேற்றிவிட்டு, பூச்சிமருந்துக்குப் பணம் கட்டினோம்.

ஆயியின் கதை இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். விளக்கொளியில் மின்னிய அவள் வீட்டைக் கோயில் என்று எண்ணிக் கும்பிட்ட அரசர், தாசியின் வீடென்று அறிந்ததும் இடிக்கச் சொன்னாராம். அவள் தானே இடித்து அந்த இடத்தில் குளம் வெட்டினாளாம். பாரதி பூங்காவில் அவள் பெயரால் நிற்கும் வெள்ளை மண்டபத்தின் முன் படம் எடுத்துக்கொள்கிறோம். அவள் வீட்டை இடித்துக் குளமாக்கினாள். நாம் குளத்தைத் தூர்த்து வீடாக்குகிறோம். 2024 நவம்பர் 30-ந் தேதி பெஞ்சல் புயல் கரை கடந்தபோது, ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. நீர் இறங்க மண் எங்கே? இரண்டாம் நாள் ராத்திரி என் தெரு வெள்ளத்தில் தவளைகள் கத்தின. இத்தனை நாள் எங்கே ஒளிந்திருந்தனவோ! விடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால், கறுப்பு மணி கோத்தாற்போன்ற முட்டைச் சரங்கள் தார் ரோட்டில் காய்ந்து கிடந்தன.

நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். தளத்தில் நாலடிக்கு நாலடி உடைக்கச் சம்மதித்துவிட்டார், கொத்தனாருக்கும் சொல்லியாயிற்று. மண்ணில் ஒரு அகலத் தொட்டி, ஏறி வெளியே வர அதில் ஒரு சாய்ந்த கல், சுற்றிலும் பெருக்காத சருகு, அவ்வளவுதான் செலவு. மீன்கள் பேரனுடைய கண்ணாடித் தொட்டிக்குப் போகின்றன. சுடுமண் தவளையை என்ன செய்வது என்று கேட்டார். அது நல்ல கனமான பொம்மை, உள்ளே வெற்றிடம், வாயும் பெரிது. சருகுக்குள் பக்கவாட்டில் சாய்த்துப் போடுங்கள், யாராவது குடிவருவார்கள் என்று சொல்லியிருக்கிறேன்.