விளையாட்டாசிரியரை எதைக் கொண்டு அளப்பது?

(இறுதியாண்டு, பி.ஏ. வரலாறு)

ஆண்டு விழா மேடையில் ஒரு மேசை போட்டு, அவ்வாண்டு வென்ற கோப்பைகளை அடுக்கி வைப்பது கல்லூரிகளின் வழக்கம். மேசை நிறைந்திருந்தால் உடற்கல்வி இயக்குநர் திறமைசாலி. காலியாக இருந்தால், "விசில் ஊதவா சம்பளம்?" என்று முணுமுணுப்பு எழும். தமிழாசிரியரை, அவரிடம் படித்தவருள் எத்தனை பேர் கவிஞரானார்கள் என்று கேட்டு நாம் அளப்பதில்லை. மைதானத்தில் நிற்பவருக்கு மட்டும் ஏன் இந்தத் தனித் தராசு?

அமெரிக்காவில் கல்லூரிப் பேஸ்பால் பயிற்சியாளருக்குப் பேரும் புகழும் உண்டு. நம் பக்கம் அந்த ஆட்டத்தை ஆடுவோரே அரிது. ஆனால் அந்நாட்டிலிருந்து வந்து, நம் சென்னையில் வாழ்நாளைச் செலவிட்ட ஒரு பயிற்சியாளரை நாம் அறிந்திருக்க வேண்டும். அவர் ஹாரி குரோ பக்.

கூடைப்பந்து 1891இல் பிறந்த ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரியில் பயின்றவர் அவர். 1919இல் சென்னைக்கு வந்து, மறு ஆண்டே ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். இன்று நந்தனத்தில் இருக்கும் உடற்கல்விக் கல்லூரி அதன் வளர்ச்சியே. 1924இல் பாரிஸ் ஒலிம்பிக்கிற்குச் சென்ற இந்திய அணிக்கு அவரே மேலாளர். அந்த அணி ஒரு பதக்கமும் பெறவில்லை. கோப்பைத் தராசில் வைத்தால் பக் தோற்றவர்.

ஆனால் 1943இல் அவர் மறைந்தபோது விட்டுச் சென்றது என்ன? விளையாட்டைக் கற்பிக்கக் கற்ற ஆசிரியர்களை. அவர்கள் பல ஊர்ப் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் போனார்கள். அவர்களிடம் கற்றவர்கள் வேறு ஊர்களுக்குப் போனார்கள். கம்பம் பள்ளத்தாக்கில், திராட்சைத் தோட்ட வேலை முடிந்த இளைஞர்கள் இரண்டு தென்னைகளுக்கு நடுவே வலை கட்டி வாலிபால் ஆடுகிறார்கள். பெரியகுளத்தில் கோடைதோறும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டிக்குக் கூட்டம் கூடுகிறது. இவர்களில் பலர் பக்கின் பெயரைக் கேட்டிருக்க மாட்டார்கள். ஆயினும் இந்த இரண்டு ஆட்டங்களையும் நம் நாட்டில் ஊன்றிய ஒய்.எம்.சி.ஏ. பணியில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். நான் எந்தக் கோப்பையும் வாங்காதவன். முதலாண்டுத் தேர்வு ஓட்டத்தில் கடைசியாக வந்தேன். எங்கள் இயக்குநர் என்னைப் போகச் சொல்லவில்லை. கையில் கடிகாரத்தைக் கொடுத்து நேரம் குறிக்கச் சொன்னார். பிறகு கோடு போடவும், வலை கட்டவும், விதிகளைப் படித்து நடுவராக நிற்கவும் பழக்கினார். ஆறு மணிக் கம்பம் பஸ்ஸைத் தவறவிட்ட மாலைகள் பல. "பந்து பொறுக்கவாடா உன்னைக் காலேஜுக்கு அனுப்புனேன்?" என்று அப்பா கேட்டதும் உண்டு. அவர் கோபம் நியாயமானதே. வேலை கிடைக்குமா என்ற கவலை அது. அந்தக் கவலை எனக்கும் உண்டு. இருந்தும், பட்டம் முடித்ததும் உடற்கல்விப் படிப்புக்கு விண்ணப்பிப்பதென்று முடிவு செய்திருக்கிறேன்.

ஆசிரியப் பெருமக்களுக்கும் மாணவ நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த மலரின் விளையாட்டு அறிக்கையில் வென்ற கோப்பைகளோடு இன்னொரு கணக்கும் வரட்டும். எத்தனை பேர் மைதானத்துக்கு வந்தார்கள்? தோற்றவர்களில் எத்தனை பேர் மறுநாளும் வந்தார்கள்? ஒரு விளையாட்டாசிரியரின் பணியை அளக்க அதைவிட நேர்மையான அளவுகோல் இல்லை என்பது என் துணிபு.