ஊமைத் துப்பாக்கி

பழைய ராணுவத் துப்பாக்கிகளைச் சேர்ப்பதும், கருமருந்து கெட்டித்துச் சுட்டுப் பார்ப்பதும் கெட்ட பழக்கம் என்று நினைக்கும் பெரியவர்கள் நம்மிடையே அநேகம். என் அபிப்பிராயம் வேறு. சேர்த்துவிட்டு, அதைப் பற்றி ஓர் எழுத்தும் தெரிந்துகொள்ளாமல் சுவரில் மாட்டிவிடுவதுதான் கெட்ட பழக்கம்.

திருப்பூரில் பனியன் தொழிலில் நாலு காசு பார்த்துப் புதுவீடு கட்டிய ஒருவர் கூடத்தில் அப்படி ஒன்றைக் கண்டேன். நிக்கல் முலாம் பூசித் தேக்குப் பலகையில் பொருத்தியிருந்தார். “சின்னமலை காலத்துத் துப்பாக்கிங்க” என்றார் பெருமையோடு.

காங்கயம் பக்கத்தில் பிறந்த தீரன் சின்னமலையைக் கும்பினியார் சங்ககிரியில் தூக்கிலிட்டது 1805-இல். அந்தக் காலத்துத் துப்பாக்கிகள் சிக்கிமுக்கிக் கல்லில் பொறி பறந்து வெடிப்பவை. இவர் வீட்டிலிருந்ததோ கேப் செருகி அடிப்பது. பிரிட்டிஷ் ராணுவம் அந்த ஏற்பாட்டுக்கு மாறியதே 1840-ஐ ஒட்டித்தான். சின்னமலையின் நினைவாக அவர் மாலை போட்டு வைத்திருந்தது, சின்னமலையைக் கொன்றவர்களின் வாரிசுகள் செய்த துப்பாக்கிக்கு!

“ஒரே குறைங்க, குழலுக்குள்ளே வரி இல்லை. மட்டச் சரக்கு” என்றும் சொன்னார். ஐயோ, அந்தக் குறைதான் ஐயா அதன் சரித்திரம்! 1853-ஆம் வருஷத்து என்ஃபீல்டு துப்பாக்கியின் குழலுக்குள் மூன்று சுருள் வரிகள் உண்டு. குண்டு சுழன்றுகொண்டு நேரே போகும். 1857-இல் சிப்பாய்கள் திரும்பி நின்றார்கள். அடுத்த வருஷமே இந்தியச் சிப்பாய்களுக்கென்று ஒரு மாதிரி தயாராயிற்று. வெளியே அதே உருவம். உள்ளே வரியில்லாத வழவழப்பு. வெள்ளைச் சிப்பாய்க்கு ஒன்று, கறுப்புச் சிப்பாய்க்கு ஒன்று. இரும்பில் எழுதிய அவநம்பிக்கை அது.

இதைப் புத்தகத்தில் படித்தால் ஒரு செய்தி. இரண்டையும் தோளில் வைத்துச் சுட்டால்தான் அது அவமானம் என்று உறைக்கும். வரியுள்ளது பல நூறு கஜத்துக்கு அப்பாலும் குறி பார்க்கும்; வரியில்லாதது நூறு கஜம் தாண்டினால் அதிர்ஷ்டத்தை நம்பவேண்டியதுதான். ஊசி பிடுங்கிய நிட்டிங் மெஷினைக் காட்டி, பனியன் துணி எப்படி உண்டாகிறது என்று திருப்பூரில் யாராவது பாடம் நடத்துவார்களா?

“ஆபத்தில்லையா?” என்பார்கள். மருந்து கொட்டி, குண்டு போட்டு, கோலால் இடித்து, கேப் செருகி, பழகிய சிப்பாயே நிமிஷத்துக்கு மூன்று முறை சுட்டால் அதிகம். இதைத் தூக்கிக்கொண்டு எந்த ரௌடியும் புறப்பட மாட்டான். இவ்வகைத் துப்பாக்கிகளுக்கென்றே 1971 முதல் ஒரு சர்வதேசச் சங்கம் இருக்கிறது. அசலுக்கும் நகலுக்கும் தனித்தனியே போட்டி நடத்துகிறது.

நம் 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டமோ, பழுதுபார்த்தாலும் சுடமுடியாத புராதனத் துப்பாக்கிக்கு மட்டுமே விலக்களிக்கிறது. சுடக்கூடியதற்கு லைசென்ஸ் வேண்டும். இருக்கட்டும், அது நியாயமே. ஆனால் லைசென்ஸுக்கு அலைய அஞ்சுகிறவன் குழலைத் துளைத்து அதைச் சாகடிப்பான். சரித்திரத்தைக் கொன்றவனுக்குச் சலுகை, காப்பாற்றுகிறவனுக்கு அலைச்சல்!

துளை போடாதீர்கள், முலாம் பூசாதீர்கள். குழலைச் சோதித்து, லைசென்ஸோடு, ரைஃபிள் கிளப் மைதானத்தில், தெரிந்தவர் மேற்பார்வையில் சுடுவதற்கு வழி செய்யுங்கள். பலமில்லாத குழலுக்குப் பதில் நகலைச் சுடுங்கள். பேசத் தெரிந்த சாட்சியை ஊமையாக்கி மாலை போடுவது மட்டும் வேண்டாம்.