பயணச் சீட்டாகிப் போன பட்டம்

சென்ற பொங்கல் விழாவன்று சங்க மண்டபத்தின் பின்வரிசையில் அமர்ந்திருந்தேன். என் தோள்பையிலிருந்து நழுவி விழுந்த பாடநூலை எடுத்துக் கொடுத்த பெரியவர் ஒருவர், "பையன் எம்.ஏ. படிக்கிறானா?" என்று கேட்டார். "பையன் பத்தாவதுதான் படிக்கிறான், மாமா. இது எனக்கு" என்றேன். "உனக்கா! இந்த வயசுல எதுக்குப்பா? படிச்சா டைரக்டர் ஆக்கிடுவாங்களா?" என்று அவர் சிரித்தார். வரிசை முழுவதும் சேர்ந்து சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். வீடு திரும்பிய பிறகுதான் அச்சிரிப்பு சுட்டது. அன்று சொல்லத் தவறிய விடையை இம்மலரில் எழுதுகிறேன், பெரியவர் பொறுத்தருள்வாராக.

தலைநகர்வாழ் தமிழர்களாகிய நாம் கல்வியால் வந்தவர்கள். நிலமோ வணிகமோ நம்மை இங்கே கொண்டுவரவில்லை. நம் முன்னோரிற் பலர் தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டு கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரசில் ஏறினர்; பின்வந்த நாம் ஒரு பட்டத்தையும் ஒரு போட்டித் தேர்வையும் கையிற் பிடித்துக்கொண்டு ஏறினோம். ஆதலால் கல்வியின் அருமை நம்மைப்போல் அறிந்தவர் இலர் என்று மேடைதோறும் பேசுகிறோம். உண்மை அதுவன்று. நாம் அறிந்தது பயணச் சீட்டின் அருமையே. வண்டி ஊர் சேர்ந்ததும் சீட்டைக் கிழித்தெறிகிறோம். மீண்டும் அதைக் கையில் வைத்திருப்பவனைக் கண்டால், "இவனுக்கு என்ன, இறங்கத் தெரியாதா?" என்று நகைக்கிறோம்.

இந்நகைப்புக்கு ஒரு பழமொழியும் துணை நிற்கிறது: ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா? நான் கேட்கிறேன்: ஐந்திலும் வளைந்து, இருபதிலும் வளைந்து, அதன் பின் இருபத்தைந்து ஆண்டுகள் கோப்புகளின் மேல் குனிந்து குனிந்தே வளைந்து கிடப்பவன் ஐம்பதில் சற்றே நிமிர நினைத்தால் அதற்கு எந்தப் பழமொழி தடை? குழந்தையை ஒழுங்கில் வளர்க்கச் சொன்ன மொழியைப் பெரியவர்கள் சோம்பியிருக்கும் உரிமைப் பத்திரமாக்கிக் கொண்டோம்.

வேடிக்கை என்னவெனில், தொலைவில் நடப்பதை நாம் போற்றத் தவறுவதில்லை. 2018ஆம் ஆண்டில் கேரளத்தின் ஆலப்புழை மாவட்டத்தைச் சேர்ந்த கார்த்தியாயினி அம்மா தமது 96ஆம் வயதில் எழுத்தறிவுத் தேர்வெழுதி நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு மதிப்பெண் பெற்றபோது, அவர் படத்தை வாட்ஸ்அப்பில் ஒருவருக்கொருவர் அனுப்பி மகிழ்ந்தோமே! அவர் நம் வீட்டுப் பாட்டியாய் இருந்திருந்தால், "பேசாமல் ராம நாமம் சொல்லுங்கள்" என்றிருப்போம்.

சட்டமும் விதியும் மட்டும் நமக்கு வழிவிட்டு நிற்கின்றனவா என்று கேட்பீராயின், இல்லை. என் பழைய ஆசை சட்டப் படிப்பு. இந்திய வழக்கறிஞர் மன்றம் 2008இல் வகுத்த விதிகள், மூன்றாண்டுச் சட்டப் படிப்பில் பொதுப் பிரிவினர் சேர 30 வயதை எல்லையாக்கின. இடையில் அது கைவிடப்பட்டது. 2016இல் மீண்டும் உயிர் பெற்றது. 2017இல் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. ஆனால் அதே விதிகளில் மற்றொன்று உண்டு: வகுப்புகள் காலை 8 மணி முதல் மாலை 7 மணிக்குள் நடந்தாக வேண்டும். மாலை ஐந்தரைக்கு அலுவலகம் விட்டு, பேருந்து பிடித்து, வளாகம் சேர்பவனுக்கு எஞ்சுவது என்ன? வருகைப் பதிவேட்டில் ஒரு வெற்றிடம். நாடு பிரிவினையுற்றபின் அகதிகளாய் வந்து, பகலில் அலுவலகங்களில் உழைத்தவர்களுக்காகவே இந்நகரில் மாலையில் 'கேம்ப் கல்லூரி' நடந்ததென்பதை நினைக்கும்போது, அன்று இருந்த பரிவு இன்று எங்கே போயிற்று என்று கேட்கத் தோன்றுகிறது.

விடுப்பு எடுத்துப் படிக்கலாமே என்பர். 1972ஆம் ஆண்டின் மத்தியக் குடிமைப் பணி விடுப்பு விதிகளில் கல்வி விடுப்பு உண்டு. பணிக்காலம் முழுமைக்கும் 24 மாதங்கள். படிப்பு பொதுவாக நம் அலுவலோடு நெருங்கிய தொடர்புடையதாய் இருத்தல் வேண்டும்; வெறும் கல்விசார் பாடமோ இலக்கியப் பாடமோ ஆகாது. பதினெட்டு ஆண்டுகளாக விடுப்பு விண்ணப்பங்களைப் பரிசீலித்துக் குறிப்பெழுதி வருபவன் நான். இதன் பொருளை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. எழுத்தன் வரலாறு படிக்க விடுப்புக் கேட்டால், கோப்பு மேலே போகுமுன்பே திரும்பிவிடும்.

ஆயினும் ஒரு வாயில் திறந்தே இருக்கிறது. 1985இல் பாராளுமன்றச் சட்டத்தால் நிறுவப்பட்ட இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இதே தில்லியில், மைதான் கர்ஹியில் உள்ளது. தில்லிப் பல்கலைக்கழகமோ 1962லேயே அஞ்சல்வழிக் கல்வி தொடங்கிவிட்டது. அங்கே என் நரையை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. படிவம் நிரப்பினேன், வரலாற்று எம்.ஏ. பாடநூல்கள் வந்து சேர்ந்தன. ஆகவே கதவைச் சாத்தி வைத்திருப்பது அரசு மட்டுமன்று. அதைவிடப் பெரிய தாழ்ப்பாள் நம் கூடத்தில் இருக்கிறது.

இதை நான் அறிந்தது எவ்வாறென்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. சொல்லாவிட்டால் இக்கட்டுரை பொய்யாகும்.

என் மனைவி வேதியியல் பட்டம் பெற்றவர். 2011இல், அவருக்கு 29 வயதிருக்கும்போது, "நூலகவியல் ஒரு வருஷப் படிப்புதானாம். அஞ்சல்ல சேரட்டுமா?" என்று கேட்டார். "குழந்தைகள் கொஞ்சம் வளரட்டும்" என்றேன். கடுமையாக எதுவும் கூறவில்லை. அன்பாகத்தான் சொன்னேன், அன்பாகச் சொல்லப்பட்டதால் அவரால் எதிர்வாதம் செய்யவும் இயலவில்லை. மூத்தவள் பள்ளியில் சேர்ந்தாள். இளையவன் பிறந்து அவனும் சேர்ந்தான். அவர் மறுமுறை கேட்கவில்லை, நானும் நினைவூட்டவில்லை. எனக்கு 45 வயதாகி, எனக்கே படிக்கும் ஆசை வந்தபோதுதான் விண்ணப்பப் படிவம் இரண்டாயிற்று.

அவருடைய பாடநூலின் தொடக்கத்திலேயே ஒரு பெயர்: சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். சென்னையில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த அவர் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, ஆசிரிய நிலையினின்று இறங்கி, இலண்டன் சென்று மாணவராக அமர்ந்து நூலகவியல் கற்றார். சென்னையில் இருபதாண்டுகளுக்கு மேல் உழைத்து, ஐம்பது வயது கடந்த பின் 1945இல் காசிக்கும், 1947இல் தில்லிக்கும் வந்து, தில்லிப் பல்கலைக்கழகத்தில் அக்கல்வியை வேரூன்றச் செய்தார். வடக்கே வந்த தமிழர்களில் இவரைவிடப் பெரியவர் எவர்? "அவர் மேதை, நாம் குமாஸ்தா" என்பீர்கள். மேதையாய்ப் பிறந்தவரே மறுபடி மாணவராக நாணவில்லை. குமாஸ்தாவுக்கு ஏன் இத்தனை நாணம்?

என் மனைவி தேர்வில் என்னைவிடக் கூடுதல் மதிப்பெண் பெற்றார். ஆனால் அரசு நூலகப் பணிகள் பலவற்றுக்கு உள்ள வயது வரம்பு அவரைக் கடந்து போய்விட்டது. இப்போது தனியார் பள்ளிகளின் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறார். 2011இல் நான் சொன்ன ஒரு வாக்கியத்தின் விலை அது. அதைச் செலுத்துபவர் நான் அல்லேன்.

பணத்தைப் பற்றிக் கேட்பவர்க்கு விடை சுருக்கம். வேலையை உதறிவிட்டுக் கல்லூரிக்குப் போ என்று நான் எவரையும் தூண்டவில்லை. 2004 சனவரிக்குப் பின் பணியில் சேர்ந்த என் போன்றோர்க்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது. வீட்டுக் கடனும் பிள்ளைகளின் கட்டணமும் மாதந்தோறும் வாசலில் நிற்கின்றன. ஆனால் ஒன்று எண்ணுங்கள். 45 வயதில் ஓய்வுக்கு 15 ஆண்டுகள் உள்ளன. 75 வரை இருந்தால் அதன் பின்னும் 15. இந்த முப்பது ஆண்டுகளையும் இருபத்திரண்டு வயதில் எழுதிய ஒரே தேர்வின் வட்டியில் கழித்துவிடலாம் என்பது எந்தக் கணக்கு?

இனிச் சங்கத்தாரிடம் ஒரு சொல். ஆண்டுதோறும் பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் முதன்மை பெற்ற குழந்தைகளை மேடையேற்றுகிறோம். குறள் ஒப்பிக்கும் சிறாருக்குப் பரிசளிக்கிறோம். கல்வி அதிகாரம் அப்பன்மாருக்கும் உரியதென்று யாருக்கும் தோன்றுவதில்லை. நாற்பது கடந்து ஒரு தேர்வேனும் எழுதி வென்றவர்களை, குறிப்பாக இல்லத்தரசிகளை, அதே மேடைக்கு அழையுங்கள். நூலக அறையை வார நாள்களில் இரவு ஒன்பது வரை திறந்து வையுங்கள். சாவியை நானே வைத்திருந்து பூட்டித் தருகிறேன். இரு கோரிக்கைகளையும் எழுத்தில் கொடுத்திருக்கிறேன்.

அந்தப் பெரியவரைச் சென்ற மாதம் காய்கறிக் கடையில் மறுபடி கண்டேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தம் மருமகளுக்கு அந்த விண்ணப்பம் எங்கே கிடைக்கும் என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.