இழக்க ஒன்று இருக்க வேண்டும்

'கால் ஆஃப் கதுலு' ஆட்டத்தின் பாத்திரத் தாளில் முன்பக்கம் முழுக்க எண்கள். வலிமை, உடல் உறுதி, படிப்பு, ஓடும் வேகம், துப்பாக்கி சுடும் திறமை. பின்பக்கத்தில் பெரும்பாலும் வெறும் கோடுகள்தான். இந்த ஆள் எதை நம்புகிறார், யாருக்காக உயிரை விடுவார், எந்த ஊர் நினைவில் நிற்கிறது, எந்தப் பொருளைக் கைவிட மாட்டார் என்று நாமே எழுதிக்கொள்ள வேண்டிய கோடுகள். முதன்முறை ஆட வருகிறவர்கள் முன்பக்கத்துக்கு ஒரு மணி நேரம் செலவிட்டு, பின்பக்கத்தை ஐந்து நிமிடத்தில் நிரப்பிவிடுகிறார்கள். அமானுஷ்யக் கதையை ஆடுவதென்றால் பின்பக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி.

ஆட்டம் அறியாதவர்களுக்காகச் சில வரிகள். சாண்டி பீட்டர்சன் எழுதி, அமெரிக்காவின் கேயாசியம் நிறுவனம் 1981இல் வெளியிட்டது இது. எச்.பி. லவ்கிராஃப்டின் திகில் கதைகள்தான் அடிப்படை. வழக்கமான களம் 1920களின் அமெரிக்கா. மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்காருவார்கள். 'கீப்பர்' என்னும் ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து, தாங்கள் செய்வதை வாயால் சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்ற சந்தேகம் வரும் இடத்தில் பகடை தீர்ப்புச் சொல்லும். ஜெயிப்பவர், தோற்பவர் என்று யாரும் இல்லை. ஒரே கதை வாரக்கணக்கில், சில நேரம் வருடக்கணக்கில் நீளும்.

1974இல் வந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தில் பாத்திரம் ஆட ஆட வலுவாகும். இங்கே தேய்ந்துகொண்டே போகும். மனோதிடத்துக்கு என்ன எண் விழுகிறதோ அதுவே தொடக்கத்தில் சித்தத் தெளிவின் அளவு. பார்க்கக்கூடாததைப் பார்க்கும்போதெல்லாம் அது குறையும். 'கதுலு மித்தாஸ்' என்று ஒரு திறமை உண்டு. அந்தப் பயங்கரங்களைப் பற்றிய அறிவு அது. பாத்திரத்தை உருவாக்கும்போது அதில் ஒரு புள்ளிகூடப் போட முடியாது. பழைய ஏடுகளைப் படித்தும் நேரில் பட்டும்தான் அது ஏறும். அது ஏற ஏற, சித்தத் தெளிவின் உச்சவரம்பு 99இலிருந்து அதே அளவு இறங்கும். உண்மையை அறிந்தவர் பழைய நிலைக்கு முழுதாகத் திரும்ப முடியாது. ஆட்ட விதிகளில் இவ்வளவு ஆழமான ஒன்றை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஆகவே, சிறுகச் சிறுக உடையப்போகும் ஒருவரைத்தான் நாம் உருவாக்குகிறோம். உடைவது வலிக்க வேண்டுமானால் அவருக்கு ஒரு வாழ்க்கை இருந்திருக்க வேண்டும். சாமானியத் தொழில்கள் இதற்கு நன்றாகப் பொருந்தும். மருத்துவர், நிருபர், நூலகர், பேராசிரியர், பழம்பொருள் வியாபாரி என்று விதிநூலே நீளமாக அடுக்குகிறது. நூலகத்தில் தேடும் திறமை, மறைந்திருப்பதைக் கண்டுபிடிக்கும் கண், எதிரில் இருப்பவர் பொய் சொல்கிறாரா என்று உணரும் பக்குவம் ஆகியவற்றில் புள்ளிகளைப் போடச் சொல்வேன். இந்த உலகின் பெரிய ஜீவராசிகளுக்கு எதிரே துப்பாக்கி அநேகமாக உதவாது.

பின்பக்கத்தில் எழுதுவனவற்றில் ஒன்றை முதன்மைப் பிணைப்பாகக் குறித்துக்கொள்ளச் சொல்கிறது 2014இல் வந்த ஏழாம் பதிப்பு. அதைக் காப்பாற்றப் பகடை உருட்டும் வாய்ப்பைக் கொடுக்காமல் கீப்பர் பறித்துவிட முடியாது. ஒரு சாகசம் முடிந்து அடுத்தது தொடங்கும் முன், பாத்திரம் அந்தப் பிணைப்போடு நேரம் செலவிடலாம். பகடை ஒத்துழைத்தால் இழந்த தெளிவில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். ஒத்துழைக்காவிட்டால் இன்னும் ஒரு புள்ளி போவதோடு, அந்த உறவே மாறிப்போகும்.

இப்படிப்பட்ட இடத்தில் வெறுமனே 'அக்கா' என்று எழுதினால் கீப்பரால் ஒன்றும் செய்ய முடியாது. பாஸ்டனில் விடுதி நடத்தித் தம்பியின் மருத்துவப் படிப்புக்குப் பணம் கட்டிய அக்கா. போருக்குப் பிரான்ஸ் போய்வந்தவன் அங்கே என்ன பார்த்தான் என்று இதுவரை ஒரு வார்த்தை கேட்காதவள். ஞாயிறுதோறும் கடிதம் போடுகிறவள். இப்படி எழுதிப் பாருங்கள். ஒரு ஞாயிறு கடிதம் வராவிட்டால் போதும், மேசையே நிமிர்ந்து உட்காரும்.

கீப்பர் உறவுகளைத் தொட்டுவிடுவாரோ என்ற பயத்தில், யாருமற்ற அநாதையாகவே பலர் பாத்திரம் எழுதுகிறார்கள். அந்தப் பயம் புரிகிறது. ஆனால் யாருமற்றவருக்குக் கதையில் வரும் மர்ம வீட்டின் நிலவறைக்குள் இறங்கக் காரணமே இல்லை. அடுத்த ரயிலில் ஊர் போய்ச் சேர்வதுதானே புத்திசாலித்தனம்?

இந்தச் சிக்கலை ஆட்டத்தின் புகழ்பெற்ற நெடுங்கதை ஒன்றே சந்தித்திருக்கிறது. லாரி டிட்டிலியோவும் லின் வில்லிஸும் எழுதி 1984இல் வந்த 'மாஸ்க்ஸ் ஆஃப் நயார்லதோடெப்'. 1925 ஜனவரியில் நியூயார்க்கில் தொடங்கி லண்டன், கெய்ரோ, கென்யா, ஷாங்காய் என்று உலகைச் சுற்றும். ஜாக்சன் இலியாஸ் என்ற எழுத்தாளர் நண்பர்களை அழைக்கிறார். அவர்கள் போய்ச் சேரும்போது கொலையாகிறார். (தொடக்கத்தை மட்டும்தான் சொல்லியிருக்கிறேன், ஆடப்போகிறவர்கள் கவலைப்பட வேண்டாம்.) பழைய பதிப்பில் அவர் நண்பர் என்பது கீப்பர் வாசித்துச் சொல்லும் தகவல் மட்டுமே. 2018 பதிப்பு இதைச் சரிசெய்தது. முன்னால் 1921இல் பெருவில் நடக்கும் ஓர் அத்தியாயத்தைச் சேர்த்தார்கள். பாத்திரங்கள் இலியாஸோடு பயணம் போகிறார்கள், சேர்ந்து சாப்பிடுகிறார்கள், சேர்ந்தே உயிர் பிழைக்கிறார்கள். நாலு வருடம் கழித்து ஹோட்டல் அறையில் கிடப்பவர் அவர்களுக்குத் தெரிந்த மனிதர்.

அதனால்தான் பாத்திரங்களை அவரவர் வீட்டில் தனியே எழுதிக்கொண்டு வர வேண்டாம் என்கிறேன். ஒன்றாக உட்கார்ந்து எழுத வேண்டும். ஒவ்வொருவரும் இன்னொருவரோடு நடந்த ஒரு பழைய சம்பவத்தைச் சொல்ல, மற்றவர் அதில் ஒரு விவரம் கூட்ட வேண்டும். நிருபர் ஒருமுறை மருத்துவரின் பெயரைச் செய்தியிலிருந்து நீக்கிக் காப்பாற்றினார் என்று வையுங்கள். அந்த நன்றிக்கடனில் பாதிக் கதை இருக்கிறது.

நெடுங்கதையில் பாத்திரங்கள் சாவார்கள். செத்தவருக்குப் பதிலாக ஓர் அந்நியர் நுழைந்து, உடனே எல்லோராலும் நம்பப்படுவதுதான் இந்த ஆட்டங்களின் பலவீனமான இடம். பின்பக்கத்து மனிதர்கள் இங்கேதான் கைகொடுப்பார்கள். மருத்துவர் திரும்பவில்லையா, அவர் குறிப்பேட்டோடு அக்கா வந்து கதவைத் தட்டட்டும். அதே ஆட்டக்காரர் அவளை ஆடட்டும். மற்றவர்கள் அவள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இன்னொன்றையும் பேசித்தான் ஆக வேண்டும். லவ்கிராஃப்டின் எழுத்தில் இனவெறி அப்பட்டமாக இருக்கிறது. 1920களின் அமெரிக்காவிலும் இருந்தது. இந்த ஆட்டத்துக்காகக் கிறிஸ் ஸ்பைவி 2017இல் கொண்டுவந்த 'ஹார்லம் அன்பவுண்ட்' நூல் அதை மறைக்காமல், நியூயார்க்கின் ஹார்லம் பகுதிக் கறுப்பினத்தவரையே நாயகர்களாக்கியது. அங்கே ஒரு நிருபருக்கு எந்தக் கதவு திறக்கும், எந்தத் தெருவில் இருட்டிய பின் போகலாம் என்பதெல்லாம் பூதங்கள் வருவதற்கு முன்பே உயிர்ப்பிரச்சினை. இப்படிப்பட்ட பாத்திரத்தை எடுக்குமுன், இந்தக் கொடுமையை மேசையில் எவ்வளவு தூரம் கொண்டுவரலாம் என்று எல்லோரும் பேசிக்கொள்ள வேண்டும். குழந்தைகளுக்கு நேரும் தீங்கு, தற்கொலை என ஒருவர் தன் வாழ்வில் பட்ட எதையும் வேண்டாம் என்று சொல்லலாம். காரணம் கேட்கக் கூடாது. அந்தப் பேச்சு முடிந்த பிறகுதான் நாங்கள் பகடையைக் கையில் எடுக்கிறோம்.